குடியேறினோர் வரலாறும் எமது கடமையும்

கிளிநொச்சி மாவட்டத்தில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களிலும் இன்றுவரை ஒரு வழக்குண்டு. வட்டக்கச்சியிலோ பரந்தனிலோ பிறந்து வளர்ந்தவரும், ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குச் செல்லும்போது, "ஊருக்குப் போகின்றோம்" என்பர். உழுவதும் விதைப்பதும் இங்கே. ஊர் மட்டும் அங்கே. இவ்வழக்கைப் பழித்தல் எமது நோக்கமன்று. ஆயினும், வாழும் மண்ணை ஊரெனக் கொள்ளாதவர் அதன் வரலாற்றை எழுதவும் முற்படார் என்பதை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பெற்ற இரணைமடுக் குளமே இப்பகுதிக் கமத்தொழிலின் உயிர்நாடி. குடாநாட்டில் சனநெருக்கமும் வேலையின்மையும் மிகவே, 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. நுளம்பும் மலேரியாவும் யானையும் மலிந்த காட்டை வெட்டி, வரம்பு கட்டி, வாய்க்கால் நீரைப் பாய்ச்சிய அம்முன்னோரின் உழைப்பு போற்றற்குரியது. ஆனால் அதனை நாம் சொல்லும் முறையில் குறையுண்டு.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பெற்ற அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவனான ஆடவன் பெயரையே தாங்கி வந்தது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகளிரினும் மைந்தருக்கே முதலிடம் அளித்தது அச்சட்டம். 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வேற்றுமையை நீக்கிற்று. நாற்று நட்டும் களை பிடுங்கியும் சூடடிக்கும் காலத்தில் களத்தில் நின்றும் அக்காணியைக் காத்த பெண்களின் பெயரைப் பத்திரத்திற் காணல் அரிது. பத்திரத்தையே வரலாறாகக் கொள்வோமாயின் குடும்பத்திற் பாதியை இழந்துவிடுவோம்.

பத்திரமே இல்லாதோர் கதையும் உண்டு. 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வந்த மக்கள் பலர் இம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். வயல்களிற் கூலிக்கு உழைத்த அவர்களின் வியர்வையும் இவ்விளைச்சலிற் கலந்துள்ளது. அவர்களும் குடியேறியோரே, அவர்தம் பிள்ளைகளும் எம் மாணவரே.

இன்னும், நாம் வருமுன் இந்நிலம் வெறுங்காடாகவே கிடந்தது என்பதும் முழுவுண்மையன்று. குளங்களை அண்டி வாழ்ந்த பழங்குடிகள் இங்கிருந்தனர். பூநகரியிற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நிகழ்த்திய தொல்லியல் ஆய்வுகள் இப்பகுதியின் தொன்மையை நன்கு காட்டுகின்றன.

நிற்க. 1996இலும் 2008இலும் கிளிநொச்சி மக்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். பத்திரம், படம், சாதகம், கணக்குக் கொப்பி யாவும் பல குடும்பங்களில் வழியிலேயே அழிந்தன. 2009இன் பிற்பகுதியிலிருந்து மீண்டவர்க்கு எஞ்சியது நினைவொன்றே. முதற் குடியேறினோர் மறைந்தனர். அவர்தம் மக்களும் முதுமையெய்திவிட்டனர். நினைவும் அவர்களோடு போய்விடும்.

குடும்ப வரலாறு எழுதப் புகின் சாதிப் பெருமையும் பழைய காணிப் பிணக்கும் தலைதூக்கும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் எழுதாது விடுவதால் அவை மறைந்து போவதில்லை. செல்வாக்குடையோர் கதை மட்டும் நிலைத்து நிற்கும். யாவர் கதையையும் ஓரேட்டில் பதிவதே அதற்கு மருந்து.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். யூபிலி ஞாபகமாக வளைவும் மண்டபமும் எழுப்புக. அவற்றோடு கல்லூரி நூலகத்தில் ஒரு குடும்ப வரலாற்றேட்டையும் தொடங்குக. மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியோரிடம், எவ்வாண்டில் வந்தீர், எவருடன் வந்தீர், முதல் விளைச்சல் எத்தனை மூடை, முதற் கிணறு எவ்விடம், இடம்பெயர்ந்து தங்கிய இடங்கள் யாவை எனக் கேட்டெழுதட்டும். பாட்டியாரையும் தவறாது கேட்கட்டும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் தம்மிடமுள்ள பழம் படங்களின் பிரதிகளை அனுப்பட்டும். ஏட்டின் பிரதிகள் வெவ்வேறு இடங்களிற் பேணப்படுதல் வேண்டும். ஓரிடத்தில் வைத்ததை இழந்த துன்பம் நாம் அறியாததன்று.

இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், முதியோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் மனமும் போதும். அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னரேனும் இதனைத் தொடங்குவோமாக.