விமானத்தில் ஏறினால் உங்கள் நாயும் 'லக்கேஜ்'தான்! செல்லப்பிராணியுடன் வெளிநாடு போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வீட்டில் அது குழந்தை. சோபாவில் தனி இடம், பிறந்தநாளுக்கு கேக். ஆனால் விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றிவிட்டால்? சட்டத்தின் பார்வையில் அது உங்கள் சூட்கேஸ் மாதிரிதான்.

இதை உறுதி செய்திருப்பது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். 2025 அக்டோபர் 16-ல் வந்த இந்தத் தீர்ப்பு, செல்லப்பிராணியுடன் வெளிநாடு போகும் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை.

வழக்கு என்ன?

2019 அக்டோபரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் இருந்து ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கு ஒரு பெண் தன் தாயுடனும் நாயுடனும் கிளம்பினார். ஐபீரியா நிறுவனத்தின் விமானம். நாயின் அளவும் எடையும் காரணமாக அதைக் கேபினில் வைத்துக்கொள்ள முடியவில்லை. லக்கேஜ் பகுதியில் ஏற்றுவதற்காகக் கொண்டு போகும்போது நாய் தப்பி ஓடிவிட்டது. பிறகு கிடைக்கவே இல்லை.

மன உளைச்சலுக்காக 5,000 யூரோ இழப்பீடு கேட்டார் அந்தப் பெண். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. ஆனால், "தொலைந்த லக்கேஜுக்கு எவ்வளவு உச்சவரம்போ, அதற்குள்தான் தருவோம்" என்றது.

நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்றது. விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையில் ஆட்கள், லக்கேஜ், சரக்கு என்ற பிரிவுகள்தான் உண்டு. நாய் பயணி அல்ல. அப்படியென்றால் லக்கேஜ். விலங்கு நலனைக் கவனிக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் இழப்பீட்டுக் கணக்கு அதனால் மாறாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இது நமக்கும் பொருந்துமா?

அது ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது விளக்கம் சொன்ன மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் 2009 முதல் இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் லக்கேஜுக்கான வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. சுமார் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். தனி சரக்காக அனுப்பினால் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்.

தப்பிக்க வழி உண்டு. செக்-இன் செய்யும்போதே அதிக மதிப்பை எழுத்துபூர்வமாக அறிவித்து, நிறுவனம் கேட்டால் கூடுதல் கட்டணம் கட்டலாம். ஸ்பெயின் வழக்கில் அந்தப் பெண் இதைச் செய்யவில்லை. கவுன்டரில் யாரும் இதை நினைவுபடுத்த மாட்டார்கள். நாமதான் கேட்கணும்.

சரி, காணாமல் போனால் என்ன என்பது பிறகு. முதலில் ஏற்ற விடுவார்களா?

நாடு முதலில், விமானம் பிறகு

ஓர் உதாரணம். சென்னையில் இருக்கும் ஒருவருக்கு பெர்லினில் வேலை கிடைக்கிறது. 45 நாளில் சேரணும். வீட்டில் மணி என்று ஒரு நாய். விமான நிறுவனத்துக்குப் போன் போடுகிறார். "ஏற்றிக்கொள்கிறோம்" என்கிறார்கள். டிக்கெட்டும் எடுத்துவிடுகிறார். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். விமானம் ஏற்றிக்கொள்வது வேறு, ஜெர்மனி உள்ளே விடுவது வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்பது இதுதான்:

* முதலில் 15 இலக்க மைக்ரோசிப். அதன் பிறகு (அல்லது அதே நாளில்) ரேபிஸ் தடுப்பூசி. சிப்புக்கு முன்பு போட்ட ஊசி கணக்கில் வராது.
* ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்த மாதிரி. ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்பு சக்தி 0.5 ஐ.யூ. அல்லது அதற்கு மேல் இருக்கணும்.
* ரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்கணும்.
* கடைசியாக, அரசு கால்நடை அதிகாரியின் சான்றிதழ். அதைப் பெற்ற 10 நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கணும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 1-ல் சிப்பும் ஊசியும். ஜனவரி 31-ல் ரத்தப் பரிசோதனை. மணி பெர்லினில் கால் வைப்பது மே மாதத்தில்தான். 45 நாள் எங்கே, நான்கு மாதம் எங்கே!

"நான் முதலில் போறேன், மணி அப்புறம் வரட்டும்" என்றால்? அதிலும் ஒரு சிக்கல். உரிமையாளரின் பயணத்துக்கும் பிராணியின் பயணத்துக்கும் இடைவெளி ஐந்து நாளுக்குள் இருந்தால்தான் 'சொந்தச் செல்லப்பிராணி' விதி பொருந்தும். தாண்டினால் வேறு சான்றிதழ், வேறு நடைமுறை. மாதக்கணக்கில் பின்னால் வருவதென்றால், நீங்களே திரும்பி வந்து அழைத்துப் போவது எளிது.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

காரணம் ரேபிஸ். உலகில் ரேபிஸால் ஏற்படும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ரத்தப் பரிசோதனை விலக்கு தரும் ஐரோப்பியப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் இருக்கின்றன. அதே நாய், துபாயில் வளர்ந்திருந்தால் இந்தக் காத்திருப்பே கிடையாது.

மற்ற நாடுகள்?

பிரிட்டன்: ஐரோப்பா போலவே ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும். நாய்க்குக் கூடுதலாக நாடாப்புழு மருந்து. இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் கொடுத்திருக்கணும். விமானத்தில் போனால் சரக்காக மட்டுமே அனுமதி. கேபின் கிடையாது. உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு.

அமெரிக்கா: 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகள் இறுகிவிட்டன. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு அனுமதி இல்லை. இந்தியா 'அதிக ஆபத்து' பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்குத் தனிச் சான்றும், குறிப்பிட்ட விமான நிலையங்களில் பதிவு பெற்ற மையத்தில் முன்பதிவும் தேவை. ரத்தப் பரிசோதனை முடிவு இல்லையென்றால் 28 நாள் தனிமை. பூனைக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

ஆஸ்திரேலியா: இந்தியாவில் இருந்து நேரடியாகக் கொண்டு போகவே முடியாது. அவர்கள் ஏற்ற வேறொரு நாட்டின் வழியாக, அங்கே தங்கவைத்துத்தான் போகணும். கடைசியில் மெல்போர்னில் தனிமைப்படுத்தலும் உண்டு.

இனத் தடையும் இருக்கிறது. பிட்புல் போன்ற இனங்கள் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் தடை. டிக்கெட்டுக்கு முன் இதையும் பாருங்கள்.

விமான நிறுவனம் என்ன கேட்கும்?

ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. லுஃப்தான்ஸாவில் பையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்தால் கேபினில் வைத்துக்கொள்ளலாம். எமிரேட்ஸ் கேபினில் நாய், பூனைக்கு இடமில்லை. ஆனால் துபாய் - பாகிஸ்தான் இடையே சில தடங்களில் வல்லூறுக்கு இடம் உண்டு! இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. அதனால் மதுரை, திருச்சியில் இருந்து சென்னைக்குக் கார் பயணத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் ஒரு நிறுவனத்தில், பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் என்றால், பறக்கும் நிறுவனத்தின் விதியைக் கேளுங்கள். நடுவில் இறங்கி மாறும் நாட்டின் விதியும் சேரும்.

கூண்டில் நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, இயல்பாகப் படுக்க இடம் வேண்டும். காது கூரையில் இடிக்கக் கூடாது. சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் கூண்டைத் திறந்து வைத்து, உள்ளே சோறு வைத்துப் பழக்குங்கள். பயமில்லாமல் போகட்டும் என்று மயக்க மருந்து கொடுக்காதீர்கள். உயரத்தில் மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து. மயக்கத்தில் இருக்கும் பிராணியைப் பல நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள்.

பக், ஷிட்சூ, புல்டாக், பெர்ஷியன் பூனை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனம். தட்டை மூக்கு இனங்களுக்கு வெப்பத்திலும் பதற்றத்திலும் மூச்சுத் திணறும். அதனால் பல நிறுவனங்கள் இவற்றை அடிப்பகுதியில் ஏற்றுவதில்லை. இந்த விஷயத்தில் நீள மூக்கு ராஜபாளையமும் நம்ம தெரு நாயும் தப்பித்தன.

கிளம்பும்போதும் திரும்பும்போதும்

கிளம்புவதற்கு முன் மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு சேவை அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கணும். தென் மண்டல அலுவலகம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது.

திரும்பி வரும்போது அதே அலுவலகத்தின் தடையில்லாச் சான்று முன்கூட்டியே தேவை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, கொச்சி போன்ற அனுமதி பெற்ற விமான நிலையங்கள் வழியாகத்தான் வர முடியும். 2022-ல் உக்ரைன் போரில் சிக்கிய நம் மாணவர்கள் சிலர் நாயையும் பூனையையும் விட்டு வர மறுத்தபோது, மத்திய அரசு இந்த விதிகளை ஒருமுறை தளர்த்தியது. அது போர்க்காலம். சாதாரண நாளில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

சுருக்கமாக, செய்ய வேண்டிய வரிசை:

1. போகும் நாட்டின் அரசு இணையதளத்தில் விதியைப் பாருங்கள்.
2. சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை. நாள் கணக்கைக் காலண்டரில் குறியுங்கள். ஊசியின் காலம் முடிவதற்குள் அடுத்த ஊசி போடுங்கள்.
3. விமான நிறுவனத்தின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள்.
4. அதன் பிறகுதான் டிக்கெட்.
5. கிளம்பும் நாளில் கூண்டின் பூட்டை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மதிப்பு அறிவிப்பைக் கேளுங்கள்.

வேலை வாய்ப்புக் கடிதம் வந்த பிறகு யோசித்தால் தாமதம்தான். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலே சிப்பையும் ஊசியையும் ரத்தப் பரிசோதனையையும் முடித்து வைத்துவிடுங்கள். ஊசியை இடைவெளி விடாமல் தொடர்ந்தால், ஐரோப்பாவுக்கு அந்தப் பரிசோதனை முடிவு பிறகும் செல்லும். பயணம் போகாவிட்டால் நஷ்டம் கொஞ்சம் பணம். போகும்போது தயாராக இல்லையென்றால், விட்டுவிட்டுப் போக வேண்டியது மணியை.