வலுவான பசை எது என்று கேட்காதீர்கள்



பழைய காரில் போகும்போது கூரைத்துணி தொங்கி வந்து உங்கள் தலையில் உரசியிருக்கிறதா? ஜெஞ்சாரோமில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் காரில் அப்படித்தான் தொங்கியது. கடைக்குப் போய், "இருப்பதிலேயே வலுவான பசை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்து ஒட்டினார். மூன்றே வாரத்தில் துணி மறுபடியும் இறங்கிவிட்டது. "பசை ஏமாற்றிவிட்டது, டீச்சர்" என்றார்.

பசை ஏமாற்றவில்லை. அவர் கேட்ட கேள்விதான் தவறு என்பது என் கருத்து.

இறங்கிய துணியைத் திருப்பிப் பார்த்தோம். அதன் பின்புறம் பாலியூரிதேன் என்ற பாலிமரால் ஆன மெல்லிய நுரைப்பஞ்சு இருந்தது. பல ஆண்டு வெப்பமும் ஈரக்காற்றும் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிட்டதால், கை பட்டதும் மஞ்சள் தூளாக உதிர்ந்தது. மாமா அந்தத் தூளின் மேல்தான் பசையைப் பூசியிருக்கிறார். பசை தூளை இறுகப் பிடித்தது. தூள் எதையும் பிடிக்கவில்லை. மாவு தூவிய பலகையில் தபால்தலை ஒட்டினால் நிற்குமா? ஆகவே, முதல் கேள்வி இது: எதை எதன்மேல் ஒட்டுகிறோம்? பழைய நுரையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் துணி ஒட்டுவதே சரி.

இரண்டாவது கேள்வி, அங்கே எவ்வளவு சூடு? நம் ஊர் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தொடக்கூடும். கூரைத் தகடு அதைவிடச் சுடும். பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசை 40 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். காகிதத்துக்கு நல்ல பசை, கார் கூரைக்கு ஆகாது.

மூன்றாவது கேள்வி, விசை எந்தத் திசையில் இழுக்கிறது? ஒட்டுநாடாவை மேசையில் ஒட்டி, மேசையோடு ஒட்டியபடியே நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், எளிதில் வராது. ஒரு முனையைத் தூக்கி உரியுங்கள்; உடனே வந்துவிடும். உரிக்கும்போது முழு விசையும் ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. கூரைத்துணியை அதன் எடையே இரவும் பகலும் இப்படி உரித்துக்கொண்டிருக்கிறது. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடிபோல் விறைத்துவிடும். துணி வளைந்தால் வெடிக்கும். இங்கே வேண்டியது வளைந்து கொடுக்கும் பசை.

அதனால்தான் இருக்கை, கூரை வேலை செய்வோர் வெப்பம் தாங்கும் நியோபிரீன் பசையை நாடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் சீவிய பால்மரத்தின் ரப்பரும் ஒட்டும். ஆனால் வெப்பமும் ஆக்சிஜனும் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் உருவான நியோபிரீன் ரப்பரின் உறவினர்தான்; அதன் சங்கிலியில் உள்ள குளோரின் அணுக்கள் அந்தச் சிதைவை வெகுவாகத் தடுக்கின்றன.

இந்தப் பசையை இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவு உலர்ந்த பின்னரே அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் கரைப்பான் உள்ளே சிக்கிப் பிடிப்பு தளரும். மழை நாளில் வேறொரு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் நீராவி அதன்மேல் பனியாகப் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். வெயிலான காலையில் செய்வதே நல்லது.

நான்காவது கேள்வியைத்தான் நாம் கேட்கவே மறக்கிறோம்: இதை யார் சுவாசிக்கிறார்கள்? இவ்வகைப் பசைகள் பலவற்றில் டோலுயீன் கரைப்பானாக இருக்கிறது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதால் தாழ்வான இடத்தில் தேங்கும். மூளையையும் நரம்பையும் பாதிக்கும். வேண்டுமென்றே முகர்வோருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீர் மரணம்கூட நேரலாம். பசை முகரும் பழக்கத்தைப் பற்றி உங்களிடம் "கெட்டது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஏன் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். காரின் கதவுகளையெல்லாம் திறந்து, வெட்டவெளியில், நெருப்பில்லாத இடத்தில், பெரியவர் கையால் நடக்க வேண்டிய வேலை இது.

1985 ஜூலை 9இல் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவை இன்றும் பாதுகாத்துப் புதுப்பிப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கார்களை நாளை உங்களில் சிலர் பழுதுபார்க்கலாம். அன்று கடைக்காரரிடம் வலுவான பசை எது என்று கேட்காதீர்கள். எதன்மேல் எதை ஒட்டப் போகிறேன், அங்கே எவ்வளவு சூடு, விசை எந்தப் பக்கம், யார் மூச்சில் கலக்கும் என்று நீங்களே கேட்டுக்கொண்டு போங்கள். பாதி விடை கையில் இருக்கும்.

மாமா இப்போது பழைய நுரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நான்கு கதவும் திறந்திருக்கின்றன.