காதுக்கு லேபிள் படிக்கத் தெரியாது



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை போட்டு, 32,000 ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கியிருக்கிறான். "விலைக்கேத்த சவுண்டுங்க சார். ஒரிஜினல் பிராண்டு, காதுக்கும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாங்கியதற்காக இல்லை. விலைதான் தரம் என்று ஒரு திருப்பூர்க்காரன் சொன்னதற்காக.

நமக்குத் தெரியாத சங்கதியா? ஒரே நூல், ஒரே 180 ஜி.எஸ்.எம். துணி, தைத்தது ஒரே டெய்லர். பெரிய லேபிள் இருந்தால் வெளிநாட்டுக் கடையில் ஆயிரக்கணக்கில் விலை. ஆர்டரில் மிஞ்சி, லேபிளை வெட்டிவிட்டால் காதர்பேட்டையில் 150 ரூபாய். துணி மாறிவிட்டதா? தினமும் அந்த லேபிளைத் தொட்டு வேலை செய்கிறவனே ஏமாறலாமா?

"பனியன் வேற, ஹெட்போன் வேறங்க சார்" என்பீர்கள். சரி. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துக்கொண்டார். தாழ்ந்த ஒலி முதல் கீச்சொலி வரை ஒவ்வொன்றையும் எந்த அளவில் கொடுக்கிறது என்று பார்த்து, கடை விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு இது.

இன்னொன்று. சில பெட்டிகளின் மேல் '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம் மறந்துவிட்டதா? மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வயது ஏற ஏற அதுவும் குறையும். மீதிக்கு யார் பணம் கட்டுவது, வௌவாலா?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி, காதை உறுத்தாத மெத்தை, நல்ல மைக், நாள்பட்ட உழைப்பு, இவற்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆனால் பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு பாட்டு வராது. கடையில் விலையைப் பார்க்காமல், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, எல்லாவற்றிலும் ஒரே அளவு சத்தம் வைத்துக் கேளுங்கள். எதில் சத்தம் சற்றுக் கூடுதலோ, அதுதான் நல்லது என்று காது நம்பிவிடும்.

'காதுக்கு ஒண்ணும் ஆகாது' என்றானே, அதற்கும் பதில் உண்டு. என் அண்ணன் மங்கலத்தில் 30 வருடம் தறி ஓட்டினார். இன்று பேத்தி பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்களோ மிஷின் சத்தத்தை அமுக்கப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். காதைக் கெடுப்பது சத்தமும் நேரமும்தான். அதில் பிராண்டு பார்த்துச் சலுகை கிடையாது.

தம்பி, படித்துவிட்டு வருத்தப்படாதே. வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காதே. அடுத்த தவணைக் கடனில் கையெழுத்துப் போடுமுன் ஒரு நடை என்னிடம் வந்து போ.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்