நீவும் கையும் நிற்க வேண்டிய இடமும்

புனே மாவட்டம் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் நெடுநேரம் நின்று உழைப்போர்க்கு இடுப்புவலி வருதல் வியப்பன்று. தசையை நீவிப் பிசைந்தால் இறுக்கம் தளர்ந்து வலி சிறிது நேரம் தணிகிறது. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்கிறது. நாட்பட்ட இடுப்புவலிக்கு உதவும் முறைகளுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனமும் 2023-இல் இதனைக் குறித்தது; உடற்பயிற்சியையும் உடன் வைத்தது. நீவுதல் பயிற்சிக்கு வழிகோல வேண்டுமேயன்றி அதற்கு மாற்றாகலாகாது என்பதே நம் கருத்து.

பிசையலாகாத நிலைகளும் உள. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். பிசைந்தால் அது பெயர்ந்து நுரையீரல் குழாயை அடைக்கக்கூடும். எலும்புமுறிவு, வலியுடன் காய்ச்சல், கால் மரத்துப்போதல் ஆகியவற்றிலும் கை வைக்காது மருத்துவரிடம் அனுப்புக. ஊழியரும் ஆசிரியரும் இதனை மக்கட்கு எடுத்துரைத்தல் கடன்.