யோகோசுகாவும் தூத்துக்குடியும்

ஜப்பான் தேசத்துக்குப் பிரயாணம் செய்யும் நம்மவர், டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள யோகோசுகா துறைமுகத்துக்கும் ஒரு நாள் போய் வருதல் நலம். 1865-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் உதவியால் கப்பல் பட்டறை தொடங்கப்பட்ட ஊர் அது. அங்கே மிகாஸா என்னும் யுத்தக் கப்பல் கரையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. 1905 மே மாதத்தில் சுஷிமா ஜலசந்தியில் ருஷியக் கடற்படையைத் தளபதி டோகோ முறியடித்தபோது அவர் நின்று கட்டளையிட்டது இக்கப்பலின் மேல்தளத்தில்தான். கப்பலோ இங்கிலாந்தில் கட்டியது! ஆயினும், ஆசியர் ஐரோப்பியரை வென்றனர் என்ற செய்தி அந்நாளில் நம் தேசத்தாரையும் தட்டி எழுப்பிற்று.

அக்கடற்படையின் செருக்கு பின்னர் அண்டை நாடுகளை அடிமை கொள்ளப் புகுந்து, 1945-ல் அத்தேசத்தையே நாசத்தில் கொண்டுபோய் விட்டது. தோல்விக்குப் பின் மிகாஸாவின் பீரங்கிகள் கழற்றப்பட்டன. அது நடனசாலையாகவும் ஆயிற்று. ஜப்பானியர் அதை மீண்டும் சீர்படுத்தி 1961-ல் திறந்து வைத்தனர். பசிபிக் யுத்தத்தில் அவர்களை எதிர்த்த அமெரிக்கத் தளபதி நிமிட்ஸே அப்பணிக்கு ஆதரவு தந்தார். அதே துறைமுகத்தில் இன்று அமெரிக்கப் போர்க்கப்பல்களும் தங்குகின்றன என்பது வேறு விஷயம்.

நம் கதை என்ன? சாத்தூர்க் கரிசலில் விளைந்த பருத்தியை ஏற்றிக்கொண்டு ரயில் போய் நின்ற துறைமுகம் தூத்துக்குடி. சுஷிமா யுத்தம் நடந்து பதினேழே மாதங்களில், 1906 அக்டோபர் 16-ந் தேதி, வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அங்கே சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாயாக நாற்பதாயிரம் பங்குகள். காலியா, லாவோ என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. அவற்றில் பீரங்கி ஒன்றுமில்லை. பிரயாணிகளும் சரக்குமே இருந்தன. அதற்கே ஆங்கிலக் கம்பெனி பதறிக் கட்டணத்தைக் குறைத்தது; இறுதியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். வியாபாரத்தில் வெல்ல முடியாதவிடத்து ஸர்க்கார் துணைக்கு வந்தது. 1908 மார்ச் 12-ல் பிள்ளையவர்கள் கைதானார். ராஜத்துரோக வழக்கில், பேசிய பேச்சுக்காக, ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை! மேல் முறையீட்டில் அது குறைந்தது. அவர் 1912 டிசம்பரில் விடுதலையானபோது சங்கம் மூடப்பட்டிருந்தது, கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன. பங்கு வாங்கிய பெருந்தனக்காரர் அவரது சிறைவாசத்தில் என்ன செய்தனர் என்பதை நாம் இங்கே விரிக்க விரும்பவில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கை நாம் போற்றுகிறோம்; போற்ற வேண்டியதே. ஆனால் அவர் பட்ட துன்பத்தை நினைப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியேனும், அவர் செய்த காரியத்தைக் கற்பதில் காட்டுகிறோமா? ஒரு காலத்தில் ஜப்பான் தீப்பெட்டி நம் கடைகளில் விற்றது. 1922-ல் சிவகாசியார் இருவர் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று வந்தனர். முதல் திரட்டவும் போட்டியைத் தாங்கவும் அறிந்த இவ்வட்டாரத்தாருக்குக் காலியாவின் கணக்குப் புத்தகம் புரியாமல் போகாது.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டினர். பெயர்ப் பலகை மாத்திரம் போதாது. மனிதர் ஏறி நடக்கத்தக்க முழு அளவில் ஒரு காலியாவை அக்கரையில் நிறுவி, உள்ளே பங்குப் பத்திரம், கட்டண விகிதம், கோர்ட்டுத் தீர்ப்பு ஆகியவற்றின் நகல்களை வைக்கவேண்டும். ஸர்க்கார் இடம் தரட்டும். செலவுக்கு மறுபடியும் 25 ரூபாய்ப் பங்கு விற்கலாம். சாத்தூரில் வாங்குவதற்கு ஆள் உண்டு.