ஐந்து பூக்கள்



வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். மாலையில் ரொக்கக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும், அதைக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பியதில்லை. அப்படிப்பட்ட எனக்கு, எண்ணுவது என்றால் என்ன என்பதை நான்கு வயதுப் பேத்திதான் கற்றுக்கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, பூசைக்கு அமர்ந்தபடி, "கண்ணம்மா, கூடையிலிருந்து ஐந்து நந்தியாவட்டைப் பூ எடுத்து வா" என்றேன். வீட்டுக்கு வருவோர் முன்னிலையில் ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிப்பவள் அவள். ஆயினும் கை நிறைய அள்ளி வந்தாள். "எண்ணிக் காட்டு" என்றேன். விரல் ஒரு வேகத்தில் ஓட, வாய் வேறொரு வேகத்தில் ஓடியது. தட்டில் இருந்தவை எட்டு. அவள் சொன்னது பன்னிரண்டு. மறுபடி எண்ணி, பதினொன்று என்றாள். என் குரல் உயர்ந்துவிட்டது. குழந்தையின் கண்கள் நிறைந்தன.

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் மகன் தலை நிமிராமலே சொன்னான்: "அப்பா, எனக்கும் இப்படித்தான் கணக்கு என்றாலே பயம் வந்தது."

பத்தாம் வகுப்புக்குப் பின் கணக்கே இல்லாத பாடப்பிரிவைத் தேடிச் சேர்ந்தவன் அவன். அது அவனுடைய விருப்பம் என்றே இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அன்று பூசையில் மனம் நிலைகொள்ளவில்லை.

அதன் பிறகுதான், குழந்தைகள் எண்ணக் கற்பது எப்படி என்று தேடிப் படித்தேன். கெல்மன், காலிஸ்டல் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 1978இல் எழுதிய நூலில் இதனைப் பகுத்துக் காட்டியுள்ளனர். எண்களை வரிசை மாறாமல் சொல்வது ஒன்று. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவது மற்றொன்று. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று உணர்வது வேறொன்று. என் பேத்தி முதலாவதை மட்டுமே அறிந்திருந்தாள். பொருள் தெரியாமல் தோத்திரத்தை ஒப்பிப்பதைப் போன்றதுதான் அது. ஒப்பித்தலில் தவறில்லை, அதுவே அறிவு என்று நான் எண்ணியதே தவறு.

இதற்குத் தனிப் புத்தகமோ பலகையோ வேண்டியதில்லை. நம் பூசையறையே போதும். நூறு வரை போக வேண்டாம், மூன்றிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பூவையும் கூடையிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள். பூ நகரும்போது எண்ணும் நகரும், விட்டுப்போகாது, இரட்டிக்காது. எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். குழந்தை விடை சொல்லாமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், மூன்றாவது படி இன்னும் வரவில்லை என்று பொருள். கடிந்துகொள்ள வேண்டாம். "ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பூ இருக்கிறது" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.

நவகிரகங்களை ஒன்பது முறை சுற்றும்போது, ஒன்பது பூக்களை இடக்கையில் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக வலக்கைக்கு மாற்றச் செய்யலாம். பிரசாதம் கொடுக்கும்போது, "வீட்டில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம், எத்தனை வேண்டும்?" என்று கேட்கலாம். புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்களைக் கொடுத்தால் மட்டும் பக்கத்திலேயே இருங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயது அது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஐந்து அகல்களை நெருக்கமாக ஒரு வரிசையிலும், வேறு ஐந்தை இடைவெளி விட்டு மற்றொரு வரிசையிலும் வையுங்கள். நீண்ட வரிசையில்தான் விளக்கு அதிகம் என்று நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் சொல்லும். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே விளக்கிய உண்மை இது. அது மந்த புத்தியன்று, பருவம். காய் கனிவதற்குக் காத்திருப்பது போல் காத்திருக்க வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வழக்கம். ஆனால் அந்த அட்டை நான்கு வயதுக்குச் சற்றுப் பெரியது. கோலமாவால் வரிசையாகப் பத்துக் கட்டங்கள் வரைந்து, ஒன்று முதல் பத்து வரை எழுதுங்கள். ஒன்றோ இரண்டோ விழும்படி எதையேனும் உருட்டிக் காயை நகர்த்தச் சொல்லுங்கள். இத்தகைய விளையாட்டைச் சீக்லர், ராமாணி என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டு வாரங்களில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் ஆடியதிலேயே எண்ணறிவு நன்கு வளர்ந்திருந்ததாம். ஒரு நுட்பம் உண்டு: நான்காம் கட்டத்தில் இருக்கும் காய் இரண்டு கட்டம் நகரும்போது, "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல், "ஐந்து, ஆறு" என்று கட்டத்தின் எண்ணையே சொல்ல வேண்டும்.

எண்களைத் தமிழிலும் சொல்லிக்கொடுங்கள். பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் ஒளிந்திருக்கின்றன. 'லெவன்' என்பதில் அவற்றைக் குழந்தையால் காண இயலாது.

சென்ற வெள்ளிக்கிழமை மீண்டும் ஐந்து பூக்கள் கேட்டேன். நான்கு கொண்டுவந்தாள். நாக்கைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "சாமிக்கு ஒன்றாக வை, கண்ணம்மா" என்று மட்டும் சொன்னேன். பிள்ளையார், அம்மன், பெருமாள், அனுமன் என்று படத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தவள், வெறுங்கையைப் பார்த்து நின்றாள்.

"தாத்தா, முருகனுக்குப் பூ இல்லையே!"

நான் விடை சொல்லும் முன்பே ஓடிச் சென்று ஒரே ஒரு பூ எடுத்து வந்தாள். ஒன்றுதான் குறைகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே வந்து, என் பக்கத்தில் அமர்ந்தான். அவன் பூசையறையில் என்னோடு அமர்ந்து நெடுநாள் ஆகியிருந்தது.