31 மாதக் கெடு யாருக்கு வசதி?
கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேங்காய் மட்டை உரிக்கும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு, ஆன்லைனில் 1,600 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருக்கிறேன். அதோடு முடியாது, ஆய்வு கோரித் தனியாக 4,000 ரூபாய் கட்ட வேண்டும். அப்படிக் கோர முன்பு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15-இல் அமலுக்கு வந்த விதித் திருத்தம் அதை 31 மாதமாகச் சுருக்கிவிட்டது. கோரிக்கை போகாவிட்டால் விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றதாகக் கருதுவார்கள். பெரிய கம்பெனிக்கு நாள் பார்த்துச் சொல்ல வக்கீல் உண்டு. எனக்கோ, கருவியில் வளைந்துபோகும் பல்லை மாற்றி, வாங்க ஆள் தேடவே வருஷங்கள் ஓடுகின்றன. அதே திருத்தம், காப்புரிமையைப் பயன்படுத்தும் விவரத்தை ஆண்டுதோறும் கேட்காமல் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆக்கியது நல்லதுதான் (அது உரிமை கிடைத்தவர்களுக்கு!). தனிநபர்களுக்காவது பழைய 48 மாதத்தை அரசு திருப்பித் தர வேண்டும்.